பழைய ஜீப் கொதிக்கிறதா? பாகம் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

மகிந்திரா எம்எம்540, மேஜர் மாதிரி பழைய டீசல் ஜீப் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது ஹீட் முள் சிவப்பைத் தொட்டால் உடனே "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். நம்பிவிடாதீர்கள். (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) செலவில்லாத சோதனையில் தொடங்கி, எஞ்சினைப் பிரிக்கும் வேலையைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் முள் சொல்வது உண்மையா என்று பாருங்கள். ஹெட்லைட் போட்டதும் முள் ஏறி, அணைத்ததும் இறங்கினால் அது எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் மின் இணைப்பு) கோளாறு, எஞ்சின் கோளாறு இல்லை. தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கூட்டின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பிடித்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இன்னொன்று, தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், முள் கீழே இறங்கிவிடலாம். கொதித்துக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று விழுந்தால் உடனே எஞ்சினை அணையுங்கள்.

அடுத்து ரேடியேட்டர் மூடி. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள், பழைய மூடியில் எழுதியிருக்கும் அதே அழுத்த அளவில். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மலைதான். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். 0.9 பார் மூடி ஒழுங்காகப் பிடித்தால் அதே தண்ணீர் 115 டிகிரி வரை தாங்கும். மூடி அழுத்தத்தை விட்டுவிட்டால் எஞ்சினில் எந்தக் குறையும் இல்லாமலேயே வண்டி கொதிக்கும்.

மூடியைத் திறந்தபோதே உள்ளேயும் எட்டிப் பாருங்கள். செம்மண் நிறத்தில் தண்ணீர் இருந்தால் துரு, வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு. இனி டிஸ்டில்ட் வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள், பாதிக்குப் பாதி.

சரி, இப்போது முக்கியமான கேள்வி: எப்போது சூடாகிறது?

நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் ஏறி, ஓட்டம் பிடித்ததும் இறங்கினால் காற்றுப் போக்கில் குறை. பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. வரைதான் இறங்க வேண்டும். ஃபேனைச் சுற்றியிருக்கும் கவசம் இருக்கிறதா பாருங்கள், பழைய ஜீப்புகளில் யாராவது எப்போதோ கழற்றிப் போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றிலுமிருந்து காற்றை இழுத்துக்கொண்டு ரேடியேட்டரை விட்டுவிடும். கிரில்லுக்கு முன்னால் வின்ச்சும் பெரிய விளக்குகளும் வரிசையாக மாட்டியிருந்தால் அவையும் காற்றை மறைக்கும். காட்டுப் பாதையில் ஓடிய வண்டி என்றால் ரேடியேட்டர் துடுப்புகளுக்குள் சேறும் புல் விதையும் அடைத்திருக்கும், எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கமாகப் பிடித்தால் துடுப்பு மடங்கிவிடும்.

ஊர்ந்து போகும்போது சரியாக இருந்து, பாரத்தோடு ஏறும்போதோ வேகத்திலோ சூடானால் தண்ணீர் ஓட்டத்தில் குறை. எஞ்சின் சூடானதும் அணைத்துவிட்டு ரேடியேட்டர் முகப்பு முழுக்க அதே தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். மேலிருந்து கீழே சூடு படிப்படியாகக் குறைவது இயல்பு, நடுவில் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. பித்தளை ரேடியேட்டர் என்றால் கடையில் கொடுத்துத் திறந்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்து வாங்கலாம். எஞ்சினை முடுக்கும்போது கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கொண்டால் அதை மாற்றுங்கள். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் தண்ணீர்க் கறை இருந்தாலோ, எஞ்சினை அணைத்த பிறகு ஃபேனை ஆட்டினால் ஆட்டம் தெரிந்தாலோ பம்பின் ஆயுள் முடிந்தது.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடுங்க" என்ற யோசனைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். பைபாஸ் வழி உள்ள எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றிவரும், டீசல் எஞ்சினும் குளிர்ந்த நிலையிலேயே ஓடித் தேயும். சோதிப்பதற்கு மட்டும் கழற்றி ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் நல்லது, கொதித்தும் திறக்காவிட்டால் புதியது வாங்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ஹெட் கேஸ்கெட். காலையில் ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் விடாமல் வந்துகொண்டே இருந்தாலோ, மூடியோடு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ மெக்கானிக்கிடம் போங்கள். ஹெட்டைக் கழற்றினால் அது வளைந்திருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள், கேஸ்கெட் மட்டும் மாற்றினால் போதாது.

எதைச் சரிசெய்திருந்தாலும் கூலன்ட் நிரப்பும்போது மூடியைத் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள், மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். மறுநாள் காலை ஆறியபின் ஒருமுறை பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருந்தால் உள்ளே இருந்த காற்று வெளியேறியிருக்கிறது, நிரப்பிவிடுங்கள். அதற்கடுத்த நாளும் இறங்கினால் எங்கோ இன்னும் கசிகிறது.