ஒரு மரபணு எப்படி அணைகிறது? பென்சிலும் தாளும் வைத்துப் படியெடுத்தல் காரணிகளைப் பின்தொடர்வோம்

தோல் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் நரம்பு செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. தான். புரதம் செய்யும் மரபணுக்கள் அதில் சுமார் 20,000. ஆனாலும் கல்லீரல் செல் ஹீமோகுளோபின் செய்வதில்லை. சிவப்பணு ஆகப்போகும் செல் இன்சுலின் செய்வதில்லை. எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதில் பெரும்பங்கு படியெடுத்தல் காரணிகள் என்ற புரதங்களுக்கு. மனித உடலில் இவை ஏறக்குறைய 1,600 வகை.

பாடப்புத்தகங்கள் இதை ஈ.கோலை பாக்டீரியாவின் லாக் ஓபரானில் (லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க உதவும் மரபணுத் தொகுப்பு) தொடங்குவது வழக்கம். 1961ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஜேக்கப், மோனோ இருவரும் விளக்கிய அருமையான உதாரணம் அது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் மனித செல்லில் நடப்பது பிடிபடாது என்பது என் கருத்து. அதனால் இங்கே மனித மரபணு ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: தாய் வயிற்றில் இருக்கும்போது மும்முரமாக வேலை செய்து, பிறந்த சில மாதங்களில் ஏறக்குறைய அணைந்துவிடும் காமா குளோபின். ஹீமோகுளோபினின் ஒரு பாகத்தைச் செய்யும் மரபணு அது.

தேவையானவை: ஒரு தாள், பென்சில், ஒரு கலர் பேனா. கணினி கடைசியில்தான் வேண்டும், அதுவும் விருப்பம் இருந்தால். பத்தாம் வகுப்பு உயிரியல் நினைவில் இருந்தால் போதும்.

படி 1: அடிப்படை, ஒரே மூச்சில்

டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்துகள். இரண்டு இழைகள், ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும். இதுதான் படியெடுத்தல். அந்த நகலை வைத்து ரைபோசோம் புரதம் செய்யும்.

நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான்: பாலிமரேஸ் தானாகப் போய்ச் சரியான இடத்தில் உட்காராது. மரபணு தொடங்கும் இடத்தை ஒட்டி புரொமோட்டர் என்ற பகுதி இருக்கிறது. அங்கே மற்ற புரதங்கள் முதலில் வந்து சேர வேண்டும். வருகிற காரணி பாலிமரேஸை இழுத்து வந்தால் அது தூண்டி. வரவிடாமல் செய்தால் அடக்கி. சரி, மேலே போகலாம்.

படி 2: மரபணுவைத் தாளில் வரையுங்கள்

ஒரு நீளக் கோடு போடுங்கள். அதுதான் 11ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு. இடமிருந்து வலமாக ஐந்து பெட்டிகள்: எப்சிலான், காமா, இன்னொரு காமா, டெல்டா, பீட்டா. கரு வளர்ந்து குழந்தையாகி வளர்ந்த மனிதராகும் வரிசையிலேயே இந்த மரபணுக்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் சில வாரங்களில் எப்சிலான், பிறகு பிறக்கும்வரை காமா, அதன்பின் பெரும்பாலும் பீட்டா.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினில் (கரு ஹீமோகுளோபின்) இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு காமா சங்கிலிகளும் இருக்கும். தாயின் இரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள இது தோதானது. பிறந்தபின் காமாவின் இடத்தைப் பீட்டா பிடித்துக்கொள்கிறது. வளர்ந்தவர்களின் ஹீமோகுளோபினில் கரு வகை பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே.

இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி அல்ல. அரிவாள் செல் சோகையில் பழுது இருப்பது பீட்டா மரபணுவில். ஒரே ஓர் எழுத்து மாற்றம். 1948ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: இந்த நோயை மரபாகப் பெற்ற பச்சிளம் குழந்தைகளின் சிவப்பணுக்கள் அவ்வளவாக அரிவாள் வடிவம் எடுப்பதில்லை. கரு ஹீமோகுளோபின் காப்பாற்றுகிறது என்று அவர் ஊகித்தார். அப்படியானால் காமாவை அணைப்பது யார், அதைத் தடுக்க முடியுமா என்ற கேள்வி எழுகிறது. நமக்கும் அது பக்கத்து வீட்டுக் கேள்விதான். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் பண்பு இருப்பதை லேமன், கட்புஷ் இருவரும் 1952லேயே அறிவித்துவிட்டார்கள்.

படி 3: எழுத்துகளை எழுதித் தேடுங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்பட வேண்டாம். காமா மரபணுவின் புரொமோட்டரில் இருக்கும் 24 எழுத்துகள் இவை. தாளில் இடைவெளி விட்டு எழுதி, ஒவ்வொன்றின் கீழும் 1 முதல் 24 வரை எண் போடுங்கள்.

சி சி டி டி ஜி ஏ சி சி ஏ ஏ டி ஏ ஜி சி சி டி டி ஜி ஏ சி ஏ ஏ ஜி ஜி

இப்போது "டி ஜி ஏ சி சி ஏ" என்ற ஆறெழுத்துத் தொடரைத் தேடி கலர் பேனாவால் கட்டம் போடுங்கள். 4ஆம் எழுத்தில் தொடங்கி 9ல் முடியும். 17ல் தொடங்குவதும் அதே மாதிரித் தெரியும்; ஏமாந்துவிடாதீர்கள். அங்கே "டி ஜி ஏ சி ஏ ஏ" என்று ஐந்தாவது எழுத்து மாறியிருக்கிறது.

கட்டம் போட்ட இந்தத் தொடர்தான், காமாவை அணைக்கும் பி.சி.எல்.11ஏ என்ற படியெடுத்தல் காரணியின் இருக்கை. மரபணு தொடங்கும் புள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் -118 முதல் -113 வரை வரும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்த மைனஸ் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். "தொடக்கத்துக்கு இத்தனை எழுத்து முன்னால்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இந்த இருக்கைக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா? உங்கள் தாளில் 5ஆம் எழுத்தான ஜி, அதாவது -117. அதை ஏ என்று மாற்றிப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். கிரேக்கக் குடும்பங்களில் கண்டறியப்பட்ட மாற்றம் இது. அவர்கள் வளர்ந்த பிறகும் கரு ஹீமோகுளோபினைக் கணிசமாகத் தயாரித்துக்கொண்டே இருக்கிறார்கள், ஆரோக்கியமாகவும் இருக்கிறார்கள். ஆறில் ஓர் எழுத்து மாறியதும் காரணியால் சரியாகப் பிடித்து உட்கார முடியவில்லை, காமா அணையவில்லை.

படி 4: உட்கார்ந்து என்ன செய்கிறது?

படியெடுத்தல் காரணிக்குப் பொதுவாக இரண்டு பாகம். ஒன்று டி.என்.ஏ.வைப் பிடிக்கும், மற்றொன்று பிற புரதங்களோடு பேசும். பி.சி.எல்.11ஏ பிடிப்பது துத்தநாக விரல்கள் எனப்படும் மடிப்புகளால். ஒரு துத்தநாக அயனியைச் சுற்றிப் புரதச் சங்கிலி சின்னதாக மடிந்து, டி.என்.ஏ.வின் பள்ளத்தில் நுழைந்து, எழுத்துகளின் விளிம்பைத் தொட்டே அடையாளம் காணும். இரண்டு இழைகளையும் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மற்றொரு பாகம் நூர்டு என்ற புரதக் கூட்டத்தை அழைத்து வருகிறது. டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் என்ற வேதிக் குறிகளை அது அகற்றும். அந்தப் பகுதி இறுகும், பாலிமரேஸுக்கு இடம் கிடைக்காது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. தாளில் 7 முதல் 11 வரை "சி சி ஏ ஏ டி" இருக்கிறதா? அதன் கீழே கோடு போடுங்கள். இதே தொடர் இன்னும் 27 எழுத்து தள்ளி, மரபணுவுக்கு நெருக்கமாக, மறுபடி வருகிறது. அங்கே உட்காருவது என்.எஃப்.-ஒய் என்ற தூண்டி. பி.சி.எல்.11ஏ பக்கத்தில் இருக்கும்வரை என்.எஃப்.-ஒய்க்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. அடக்கி விலகினால் தூண்டி வந்து உட்கார்ந்துவிடும், காமா மீண்டும் ஓடும். ஆக ஒரு மரபணுவின் நிலை என்பது பல நேரம் இடத்துக்கான போட்டியின் முடிவுதான்.

இதைப் பலரும் லைட் சுவிட்ச் மாதிரி விளக்குவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஃபேன் ரெகுலேட்டர் என்பது பொருத்தம். காரணி வரும், விலகும், மறுபடி வரும். எத்தனை மூலக்கூறுகள் செல்லில் இருக்கின்றன, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கின்றன என்பதைப் பொறுத்து வேகம் கூடும், குறையும்.

படி 5: ஒரு சின்னக் கணக்கு

ஆறு எழுத்து, ஒவ்வோர் இடத்திலும் நான்கு வாய்ப்பு. 4-ஐ ஆறு முறை பெருக்குங்கள்: 4,096. அதாவது தற்செயலாகவே ஏறக்குறைய 4,096 எழுத்துக்கு ஒரு முறை இந்தத் தொடர் வரும். மனித ஜீனோம், அதாவது நம் முழு டி.என்.ஏ. தொகுப்பு, சுமார் 310 கோடி எழுத்து. வகுத்தால் ஏழரை லட்சம். எதிர் இழையையும் சேர்த்தால் 15 லட்சம் இடங்கள்!

15 லட்சம் இடத்திலும் போய் உட்காருமா? உட்காராது. பெரும்பாலான இடங்கள் ஹிஸ்டோன்களில் இறுக்கமாகச் சுருண்டு கிடப்பதால் காரணியின் கைக்கு எட்டாது. எட்டுகிற இடத்திலும் துணைக் காரணிகள் அருகில் இருந்தால்தான் பிடி நிலைக்கும். எழுத்துத் தொடர் இருப்பதால் மட்டும் காரணி அங்கே வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புதிதாகக் கற்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

படி 6: அணைப்பவரை இயக்குவது யார்?

பி.சி.எல்.11ஏ-யும் ஒரு புரதம். அதற்கும் மரபணு உண்டு, 2ஆம் குரோமோசோமில். அப்படியானால் அதை இயக்கும் காரணி வேறொன்று இருக்க வேண்டுமே? இருக்கிறது: கேட்டா-1. சிவப்பணு உருவாக்கத்தின் தலைமைக் காரணிகளில் ஒன்று. அது உட்காரும் தொடரின் மையம் "ஜி ஏ டி ஏ".

ஆனால் இந்த முறை இருக்கை மரபணுவின் வாசலில் இல்லை. தொடக்கத்திலிருந்து சுமார் 58,000 எழுத்து தள்ளி, மரபணுவுக்குள்ளேயே, புரதத்துக்குப் பயன்படாத ஒரு பகுதியில் இருக்கிறது. இப்படித் தொலைவிலிருந்து மரபணுவைத் தூண்டும் பகுதிக்கு என்ஹான்சர் என்று பெயர். டி.என்.ஏ. வளைந்து, தொலைவில் இருப்பது புரொமோட்டரின் பக்கத்தில் வந்துவிடும்.

அந்த என்ஹான்சரில் 20 எழுத்து இதோ:

சி டி ஏ ஏ சி ஏ ஜி டி டி ஜி சி டி டி டி டி ஏ டி சி ஏ சி

"ஜி ஏ டி ஏ" எங்கே? தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது எதிர் இழையில் இருக்கிறது. 14 முதல் 19 வரை உள்ள "டி டி ஏ டி சி ஏ"வை எடுங்கள். கடைசியிலிருந்து முன்னோக்கி, ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் ஜோடியை எழுதுங்கள். ஏ-க்கு டி, சி-க்கு ஜி, டி-க்கு ஏ... "டி ஜி ஏ டி ஏ ஏ". நடுவில் ஜி ஏ டி ஏ வந்துவிட்டதா? எந்தத் தொடரைத் தேடினாலும் இரண்டு இழையையும் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இந்த 20 எழுத்துகளையும் மனப்பாடம் செய்தாலும் தப்பில்லை. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த கேஸ்ஜெவி என்ற அரிவாள் செல் நோய்ச் சிகிச்சையில், டி.என்.ஏ.வை வெட்டும் கிரிஸ்பர் கருவிக்குக் கொடுக்கப்படும் முகவரி இதுதான். இரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை நோயாளியிடமிருந்தே வெளியே எடுத்து, 17ஆம் எழுத்துக்கும் 18ஆம் எழுத்துக்கும் நடுவில் வெட்டுகிறார்கள். உங்கள் தாளில் அங்கே ஒரு கோடு போட்டுப் பாருங்கள், கேட்டா-1 இருக்கைக்குள்ளேயே விழும். செல் அந்த வெட்டை ஒட்டும்போது எழுத்துகள் குலைந்துபோகின்றன. கேட்டா-1 அங்கே உட்கார முடியாது, பி.சி.எல்.11ஏ குறைகிறது, காமா திரும்ப ஓடத் தொடங்குகிறது. பழுதான பீட்டாவை யாரும் தொடவே இல்லை!

நேரடியாகப் பி.சி.எல்.11ஏ மரபணுவையே வெட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். நோய் எதிர்ப்புக்கான பி செல்கள் உருவாகவும் அந்தக் காரணி தேவை. இந்த என்ஹான்சரோ சிவப்பணு வழியில் மட்டும் வேலை செய்வது. அதனால் அதை மட்டும் குலைத்தால் மற்ற செல்களில் காரணி வழக்கம்போல இருக்கும். 2023ல் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர் என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

படி 7: கணினி இருந்தால்

யூ.சி.எஸ்.சி. ஜீனோம் பிரவுசர் இலவசம். மனித ஜீனோமின் எச்.ஜி.38 பதிப்பைத் தேர்ந்தெடுத்து, எச்.பி.ஜி.1 என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். காமா மரபணுக்களில் ஒன்றின் பெயர் அது. திரையில் மரபணு வலமிருந்து இடமாக ஓடும். குழப்பமாக இருந்தால் படத்தின் கீழே இருக்கும் ரிவர்ஸ் பட்டனை அழுத்துங்கள், நம் தாளின் திசைக்கு வந்துவிடும். அப்புறம் ஷார்ட் மேட்ச் என்ற டிராக்கில் நம் ஆறெழுத்துத் தொடரைக் கொடுங்கள். திரையில் 10,000 எழுத்து தெரியும்படி வைத்தால் சராசரியாக ஐந்து இடங்களில் குறி விழ வேண்டும் என்பது படி 5 கணக்கு. வேறு வேறு இடங்களுக்கு நகர்ந்து எண்ணிப் பாருங்கள். எந்தக் காரணிக்கு எந்தத் தொடர் பிடிக்கும் என்று பார்க்க ஜாஸ்பர் என்ற இலவசத் தளம் இருக்கிறது. அங்கே பெரிய எழுத்தாகத் தெரிவது காரணி விட்டுக்கொடுக்காத எழுத்து, சின்னதாகத் தெரிவது மாறினாலும் பொறுத்துக்கொள்ளும் எழுத்து.

படி 8: நீங்களே ஒன்று

படி 3 தாளுக்குத் திரும்புங்கள். 9ஆம் எழுத்தான ஏ-யை அடித்துவிட்டு ஜி என்று எழுதுங்கள். இந்த மாற்றத்தோடு இருப்பவர்களிடமும் கரு ஹீமோகுளோபின் அதிகமாக இருக்கிறது. பி.சி.எல்.11ஏ உட்கார முடியாமல் போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், ஆனால் சோதனையில் அது பழையபடியே உட்கார்ந்தது. அப்படியானால் காமா ஏன் அணையவில்லை? விடையைப் படிக்கும் முன் 9 முதல் 12 வரை உள்ள நான்கு எழுத்துகளை வாய்விட்டுப் படியுங்கள்.

ஜி, ஏ, டி, ஏ. கேட்டா-1 உட்கார ஒரு புது இருக்கை கிடைத்துவிட்டது. 2019ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. 2ஆம் குரோமோசோமில் உட்கார்ந்து பி.சி.எல்.11ஏ வழியாகக் காமாவை அணைக்கும் அதே கேட்டா-1, இங்கே காமாவின் வாசலிலேயே உட்கார்ந்து அதை ஓட்டுகிறது.