குஞ்சுத் தீவனம் வாங்குவது எப்படி? மூட்டையைப் பிரிக்கும் முன் லேபிளைப் பாருங்கள்

புரூடர் (குஞ்சுகளைச் சூடாக வைக்கும் அறை), விளக்கு, தண்ணீர் எல்லாம் தயார் என்று வைத்துக்கொண்டு நேராகத் தீவனத்துக்கு வருகிறேன்.

படி 1: முட்டைக்கா, கறிக்கா?

முட்டைக்கு வளர்க்கும் குஞ்சு என்றால் முதல் 6 முதல் 8 வாரம் வரை 18–20% புரதம் உள்ள ஸ்டார்ட்டர், அதாவது குஞ்சுக்கான முதல் தீவனம். கறிக்கோழிக் குஞ்சு வேகமாக வளரும். அதற்கு 22–23% வேண்டும். இதில் பெரிய குழப்பம் எதுவும் இல்லை.

படி 2: கால்சியம் எவ்வளவு?

எல்லோரும் புரதத்தைப் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கிவிடுகிறார்கள். சிக்கலே இங்கேதான். முட்டையிடும் கோழிக்கான லேயர் தீவனத்திலும் புரதம் 16–18% இருக்கும். "ஒன்றிரண்டு சதவீதம்தானே குறைவு, பெரிய கோழிக்கு வாங்கியதையே குஞ்சுக்கும் போடலாமே" என்று தோன்றும். லேபிளில் இன்னும் கொஞ்சம் கீழே பாருங்கள். ஸ்டார்ட்டரில் கால்சியம் 1% அளவில் இருக்கும், லேயரில் 3.5 முதல் 4.5% வரை போகும். அந்தச் சுண்ணாம்பு முட்டை ஓட்டுக்கானது. முட்டையே இடாத குஞ்சுக்கு அது எதற்கு? மிஞ்சியதை வெளியேற்றச் சிறுநீரகம் திணறும், யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் வெள்ளைப் படிவமாகத் தங்கும். குஞ்சு உடனே படுத்துவிட்டால்கூடக் காரணம் புரிந்துவிடும். பல சமயம் பாதிப்பு மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்து, முட்டையிடும் வயதில் கோழி திடீரென்று செத்துக் கிடக்கும். அப்போது யாருக்குக் குஞ்சுத் தீவனம் ஞாபகம் வரும்?

பெரிதும் சிறிதும் ஒரே கூண்டில் இருந்தால் என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் ஸ்டார்ட்டர் அல்லது குரோவர் (ஸ்டார்ட்டருக்கு அடுத்த கட்டத் தீவனம்) போடுங்கள். சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தேவைக்கு எடுத்துக்கொள்ளும்.

படி 3: மருந்து கலந்ததா?

சில ஸ்டார்ட்டர்களில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைச் சேர்த்திருப்பார்கள். அது தடுப்புக்கான அளவுதான். நோய் வந்த பிறகு அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. குஞ்சு பொரிப்பகத்திலேயே ரத்தக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து (வாக்சின்) கொடுத்திருந்தால் மருந்து கலக்காத தீவனமே வாங்குங்கள். தடுப்பு மருந்தில் இருக்கும் உயிருள்ள கிருமி குடலில் கொஞ்சம் பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி வரும். ஆம்ப்ரோலியம் அதைப் பெருகவே விடாது. குஞ்சு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே வைட்டமின் பி1 போல நடித்துக் கிருமியை ஏமாற்றித்தான். தண்ணீரில் தாராளமாக பி வைட்டமின் டானிக் ஊற்றினால் அதன் வேலை கெடும்.

படி 4: தூளா, குருணையா?

என் ஓட்டு கிரம்பிள் எனும் குருணைக்குத்தான். மேஷ், அதாவது தூள் தீவனம் போட்டால் குஞ்சு பெரிய துணுக்குகளை மட்டும் கொத்திக்கொண்டு போய்விடும். வைட்டமினும் தாது உப்பும் தூளாக அடியில் தங்கிவிடும். அலகில் ஒட்டிய மாவு தண்ணீரில் கரைந்து, மத்தியானத்துக்குள் குடிகலத்தின் அடியில் கூழாகப் புளித்துக் கிடக்கும். மேஷ்தான் கிடைக்கிறது என்றால் சரி, அடித்தூளைக் கொட்டிவிடாமல் லேசாக ஈரமாக்கி, அப்போதே தின்று முடிக்கும் அளவு கொடுங்கள். பெல்லட் (உருளை வடிவக் கட்டித் தீவனம்) சின்னக் குஞ்சுக்கு வேண்டவே வேண்டாம்.

படி 5: மாற்றம்

ஸ்டார்ட்டருக்கு அப்புறம் 16% அளவு புரதமுள்ள குரோவர். ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரத்தில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். சுமார் 18 வாரத்திலோ, முதல் முட்டை வந்ததுமோ லேயருக்குப் போகலாம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் அதிகம் கேட்ட இரண்டு.

தானியமும் போடலாமா? கொஞ்சம் போடலாம், ஆனால் கூடவே பொடிக்கல் வேண்டும். பல் இல்லாத ஜீவன், கல்லை வைத்துத்தான் அரைக்கிறது. அதிகம் போட்டால் ஸ்டார்ட்டரில் காசு கொடுத்து வாங்கிய புரதம் நீர்த்துப்போகும்.

வாத்துக் குஞ்சுக்கும் இதே தீவனமா? வாத்துக்கு நியாசின் (ஒரு பி வைட்டமின்) கூடுதலாகத் தேவை. பற்றாவிட்டால் கால் வளையும். வாத்துக்கென்று தனித் தீவனம் கிடைக்காவிட்டால் மருந்து கலக்காத ஸ்டார்ட்டரோடு நியாசின் உள்ள புரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து கொடுங்கள்.