ஒரு கதையைப் பிரிச்சு மேஞ்சு எழுதக் கத்துக்கறது எப்படி?

நல்லா எழுதணும்னா நிறைய படிங்கன்னு எல்லாரும் சொல்லிடறாங்க, எப்படிப் படிக்கணும்னு யாரும் சொல்றதில்ல. வருஷக்கணக்கா கதை படிக்கறவங்களுக்குக் கூட எழுத உக்காந்தா கை ஓடாது. ஏன்னா கதை நல்லா இருந்துச்சுன்னா நாம அதுக்குள்ள போயிடறோம், எழுதினவர் என்ன வேலை பண்ணியிருக்கார்னு கவனிக்கவே தோணாது. அதுக்கு ஒரே வழி, படிச்சதை நீங்களே மறுபடி எழுதிப் பாக்கறதுதான்.

இது பழைய டெக்னிக். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் சின்னப் பையனா பாஸ்டன்ல அண்ணனோட அச்சகத்துல வேலை கத்துக்கிட்டிருந்தப்போ லண்டன்ல வந்த 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையோட ஒரு தொகுப்பு அவர் கைக்குக் கிடைச்சுது. அதுல ஒரு கட்டுரையை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னதா ஒரு குறிப்பு எழுதி, சில நாள் அப்படியே போட்டு வச்சிட்டு, அப்புறம் புத்தகத்தைப் பாக்காம அந்தக் குறிப்பை மட்டும் வச்சு முழுக் கட்டுரையையும் எழுதுவார், எழுதிட்டு ஒரிஜினலோட ஒப்பிட்டுத் திருத்துவார். இதையெல்லாம் அவரே தன் சுயசரிதையில சொல்லியிருக்கார். இதை நாம தமிழ்க் கதைக்கு எப்படிச் செய்யறதுன்னு பாப்போம்.

கதையைத் தேர்ந்தெடுக்கறது

நாவல் வேண்டாம், ஒரு சிறுகதை போதும், அதுலயும் ஏற்கனவே படிச்சு ரசிச்ச கதையா இருக்கணும், முடிவு தெரிஞ்சிருந்தாதான் அடுத்து என்ன ஆகும்ங்கற பரபரப்பு இல்லாம வேலையைப் பாக்க முடியும். நான் இங்க புதுமைப்பித்தனோட 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கறேன். புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமை ஆயிடுச்சு, தமிழ் நூல்களை இணையத்துல தர்ற மதுரைத் திட்டத்துல இலவசமாவே படிக்கலாம். முழுக் கதையும் ஒரே மூச்சுல செய்யாதீங்க, முதல் ஒண்ணு ரெண்டு பக்கம் போதும்.

குறிப்பு எடுக்கறது

நோட்டுல இடது பக்கம் மட்டும் எழுதுங்க, வலது பக்கம் காலியா இருக்கட்டும். ஒரு வாக்கியத்துக்கு ரெண்டு மூணு வார்த்தை, அவ்ளோதான். 'பிராட்வே முனை, நிக்கறார்', 'வெத்தலையா காப்பியா', 'ஒருத்தர் வழி கேக்கறார்', இந்த மாதிரி. இங்க ரொம்ப கறாரா இருங்க, ஆசிரியரோட அழகான சொல் ஒண்ணு கூட குறிப்புல வரக்கூடாது, வந்தா அப்புறம் நீங்க எழுதறது வெறும் காப்பியாத்தான் இருக்கும்.

மறந்துட்டு எழுதறது

புத்தகத்தை மூடி வச்சிட்டு நாலஞ்சு நாள் அந்தப் பக்கமே போகாதீங்க. அப்புறம் இடது பக்கக் குறிப்பைப் பாத்து வலது பக்கத்துல உங்க நடையில எழுதுங்க. அவரை மாதிரி எழுத ட்ரை பண்ண வேண்டாம், உங்களுக்கு இயல்பா எப்படி வருதோ அப்படி.

ஒப்பிடறது

பாடம் முழுக்க இங்கதான் இருக்கு, அதனால அவசரமே படாதீங்க. பெரும்பாலும் வலது பக்கத்துல இந்த மாதிரிதான் வந்திருக்கும்: "கந்தசாமிப் பிள்ளை ஒரு ஏழை. கையில் கொஞ்சம்தான் காசு இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார்." தப்பான வாக்கியம் எதுவும் இல்ல. இப்போ ஒரிஜினலைத் திறங்க. ஏழைன்னும் இல்ல, தவிச்சார்னும் இல்ல. அந்த மனுஷன் ரோட்டோரமா நின்னு கணக்குப் போடறார், டிராம்ல போனா காலணா மிஞ்சும், வெத்தலை போட்டுக்கலாம், பஸ்ல கண்டக்டரை ஏமாத்திட்டுப் போனா அரை கப் காப்பி குடிக்கலாம், ஆனா வெத்தலை கிடையாதுன்னு. அந்தக் கணக்கைப் படிக்கறப்பவே அவரோட சட்டைப்பை நமக்குத் தெரிஞ்சிடுது, வறுமைங்கற வார்த்தைக்கு அங்க வேலையே இல்ல. இன்னொண்ணும் பாருங்க, புதுமைப்பித்தன் அவர் பேரை ஊர், இனிஷியல், 'அவர்கள்' எல்லாம் போட்டு முழு மரியாதையோட சொல்லிட்டுத்தான் இந்தக் காலணா கணக்குக்கே வர்றார். அவ்ளோ பெரிய பேரையும் இவ்ளோ சின்னக் காசையும் பக்கத்துல பக்கத்துல வச்சதுலதான் அந்தச் சிரிப்பு வருது.

அடுத்து கடவுள் வர்ற இடம். நாம எழுதியிருந்தா ஒளி, இடி, மணியோசைன்னு ஏதாவது ஒண்ணு கண்டிப்பா வந்திருக்கும். புதுமைப்பித்தனோட கடவுள் திருவல்லிக்கேணிக்கு எப்படிப் போறதுன்னு வழி கேக்கறார். பிள்ளை டிராம்ல போலாம், பஸ்ல போலாம், நடந்தும் போலாம்னு ஒரு சாதாரண மெட்ராஸ்காரர் சொல்ற பதிலைச் சொல்றார். நம்ப முடியாத விஷயத்தை நம்ப வைக்க அவர் உபயோகிச்சது பஸ் ரூட்டு! எனக்கு இந்த இடம் எத்தனை தடவை படிச்சாலும் அலுக்காது.

இந்த மாதிரி வித்தியாசம் கண்ணுல பட்டதும் ஓரத்துல உங்க வார்த்தையில எழுதி வைங்க: "குணத்தைச் சொல்லாம கணக்கைக் காட்டறார்", "அதிசயத்துக்கு முன்னாடி ஒரு விலாசம்". 'சூப்பர் நடை'ன்னு எழுதாதீங்க, அதை வச்சு நாளைக்கு நீங்க எதுவும் செய்ய முடியாது.

சீட்டு குலுக்கறது

இதுவும் ஃப்ராங்க்ளின் செஞ்சதுதான், குறிப்பையெல்லாம் கலைச்சுப் போட்டுட்டு சில வாரம் கழிச்சு மறுபடி வரிசைப்படுத்துவார். கதையோட கட்டமைப்பு புரிய இது ரொம்ப உதவும். இதுக்கு கு.ப.ராஜகோபாலனோட 'விடியுமா?' நல்ல கதை. ஒரு பொண்ணோட புருஷனுக்கு உடம்பு மோசம்னு வீட்டுக்குத் தந்தி வருது, ராத்திரி ரயில்ல சென்னைக்குக் கிளம்பறாங்க, கதையில பெரும்பகுதி அந்தப் பயணம்தான். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு சீட்டு எழுதி, குலுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைங்க. பிற்பாடு அடுக்கறப்போ கடைசிச் செய்தியைக் கொஞ்சம் முன்னாடி நகர்த்திப் பாருங்க, அந்த ரயில் பயணம் மொத்தமும் செத்துப் போயிடும், நம்பிக்கையும் பயமும் மாறி மாறி வர்றதுக்கு அதுல இடமே இருக்காது.

சில விஷயம் சேத்து சொல்லிடறேன். இப்படி எழுதின பக்கத்தை உங்க கதைன்னு எங்கயும் போடக்கூடாது, அது நோட்டோட இருக்கட்டும். ஒரே ஆளையே மாசக்கணக்கா செஞ்சா அவர் குரல் நம்ம மேல ஒட்டிக்கும், புதுமைப்பித்தனோட நக்கல் சீக்கிரமே தொத்திக்கும், அதனால நடுவுல அசோகமித்திரன் மாதிரி நேர் எதிர் நடை உள்ளவங்களை எடுங்க. அவர் அலட்டிக்காம சொல்லிட்டுப் போற விதத்தைப் பாத்தா நம்ம பக்கத்துல எவ்ளோ அடைமொழி சும்மா உக்காந்திருக்குன்னு தெரியும்.

கடைசியா, ஓரத்துல எழுதி வச்சதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்து நீங்க பாதியில விட்டு வச்சிருக்கற உங்க சொந்தக் கதையைத் திறங்க. 'ஏழை', 'கஞ்சன்', 'பாசக்காரி'ன்னு எங்கயாவது இருக்கான்னு தேடுங்க, இருந்தா அடிச்சிட்டு அந்த ஆள் கடைக்காரர்கிட்ட மீதிச் சில்லறை வாங்கற மாதிரி ஒரு நாலு வரி எழுதுங்க.