ஃபேட் டயர் க்ரூஸர்: டயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

ஃபேட் டயர் க்ரூஸர் சைக்கிளில் இரண்டு வம்சம் கலந்திருக்கிறது. நாலு அங்குல டயர் அலாஸ்காவின் பனிப்பாதைகளிலிருந்து வந்தது. 1980களில் அங்கே பனியில் புதையாமல் ஓட்ட இரண்டு ரிம்களைச் சேர்த்து வெல்டிங் வைத்தவர்கள் உண்டு. 2005இல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி என்ற மாடல், அந்த வகையைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. க்ரூஸர் உடம்பு அதற்கும் முந்தையது. ஷ்வின் நிறுவனம் 1933இல் பலூன் டயர் என்ற பருத்த டயரோடு விற்ற சைக்கிள்கள், அமெரிக்காவின் சமதளத் தெருக்களில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதற்கானவை. டயர் எங்கும் போகும்; உடம்பு எல்லா இடத்துக்கும் போகாது. வாங்கும்போது நடக்கும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருகிறது.

மீதிப் பாதி காற்றைப் பற்றியது. அகலமான டயர் என்றாலே மணலில் ஓடிவிடும் என்று நம்புகிறார்கள். மணலில் மிதக்க வைப்பது உள்ளே இருக்கும் குறைந்த அழுத்தம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 கிலோ ஆள், 18 கிலோ சைக்கிள், மொத்தம் சுமார் 205 பவுண்டு. இரண்டு டயரிலும் 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு அழுத்தம்) காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 10 சதுர அங்குலம். காற்றை 8 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் 25 சதுர அங்குலம். அதே பாரம் இரண்டரை மடங்கு இடத்தில் பரவுகிறது, சக்கரம் புதைவதில்லை.

மெரினாவின் தளர்ந்த மணலிலோ தேரிக்காட்டுச் செம்மணலிலோ 6 முதல் 8 வரை வைத்துத் தொடங்கலாம். மண் பாதைக்கு 10, 12. தார் ரோட்டில் 18, 20 வேண்டும். குறைந்தால் பெடல் கனக்கும், ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் இழுக்கும். உங்கள் எடைக்கு ஏற்ப ஒன்றிரண்டு கூடும் குறையும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையைத் தாண்ட வேண்டாம். பஞ்சர் கடையில் கையால் அமுக்கிப் பார்த்து, கல் மாதிரி ஆகும்வரை அடித்துவிடுவார்கள். அப்படி அடித்தால் டயர் குதிக்கும், மணலிலும் பிடிக்காது. ஆகவே சைக்கிளோடு சேர்த்து, சின்ன எண்களைச் சரியாகக் காட்டும் காற்றழுத்தமானியும் ஒரு கைப்பம்பும் வாங்குங்கள். இந்த இரண்டும் இல்லாமல் ஃபேட் டயர் வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

அடுத்தது கியர். அழகுக்காக ஒற்றை கியர் க்ரூஸரை எடுத்துவிட்டு ஒரு மேம்பாலத்திலேயே மூச்சு வாங்குகிறவர்கள் நிறைய. மேடும் மணலும் உங்கள் வழியில் உண்டு என்றால், மிக லேசான கியரில் பின்பக்கப் பல்சக்கரம் முன்பக்கத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். முன்னால் 32 பல் என்றால் பின்னால் 34 அல்லது அதற்கு மேல். கடையிலேயே செயினை அந்த கியருக்கு மாற்றிப் பெடலைச் சுற்றிப் பாருங்கள். சில மலிவு மாடல்களில் செயின் டயரின் பக்கத்தை உரசும்.

க்ரூஸரின் வளைந்த ஹேண்டில்பார் தட்டையான ரோட்டில் சுகம். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் முழங்காலில் இடிக்கும். நிமிர்ந்து உட்காருவதால் எடையெல்லாம் பின்சக்கரத்துக்குப் போய், முன்சக்கரம் செங்குத்தான ஏற்றத்தில் தரையை விட்டு எழும்பும். அகலமான டயருக்கு இடம் விட பெடல்களும் விலகியே இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கடை வாசலில் ஒரு சுற்றோடு முடிவு செய்யாமல், அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பிரேக் விஷயத்தில் சமரசம் வேண்டாம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பிரேக் மட்டும் உள்ள க்ரூஸர்கள் இருக்கின்றன. செயின் கழன்றால் பிரேக்கும் போச்சு. நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிப்பும் குறையும். ஏற்காடு, ஏலகிரி என்று போக நினைப்பவர்கள் இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ளதை மட்டும் பாருங்கள்.

முன்பக்க சஸ்பென்ஷனுக்குக் கூடுதல் காசு கொடுப்பதும் பெரும்பாலும் வீண். குறைந்த காற்றில் டயரே அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். மலிவான சஸ்பென்ஷன் எடையைத்தான் கூட்டும்.

அப்புறம், நீங்கள் ஓட்டுவதில் முக்கால்வாசி தார் ரோடு, இடையிடையே மண் பாதை என்றால் நாலு அங்குலம் தேவையே இல்லை. இரண்டரை முதல் மூன்று அங்குல டயர் லேசாக ஓடும், கிராமத்துப் பாதையையும் சமாளிக்கும். என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வேன். நாலு அங்குல டியூப் தெருமுனைக் கடையில் கிடைப்பது கடினம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சீமைக்கருவேல முள் உள்ள ஊரில் மாற்று டியூப் இரண்டு கையில் இருக்க வேண்டும்.

கடற்கரையில் ஓட்டுபவர்கள் அலைநீரில் சக்கரத்தை இறக்கவே வேண்டாம். உப்பும் மணலும் பேரிங்குக்குள் புகுந்தால் சீக்கிரமே கரகரவென்று சத்தம் வரும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். அழுத்தமான குழாய்த் தண்ணீரைச் சக்கரத்தின் நடுப்பகுதியில் பீய்ச்சக் கூடாது.