கண் வறட்சிக்கு ஒளி சிகிச்சை: முதல்முறை போகிறவர்களுக்கு

சொட்டு மருந்தை மாற்றி மாற்றி விட்டும் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதா? வறட்சி என்கிறார்கள், ஆனால் காற்று பட்டாலே கண்ணீர் கொட்டுகிறதா? இந்தக் கட்டத்தில்தான் டாக்டர் "ஐ.பி.எல். (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்) செய்து பார்க்கலாமா?" என்று கேட்பார். கண்ணுக்குள் லேசர் அடிப்பார்களோ என்ற பயம் உடனே வரும். இது லேசர் இல்லை. விட்டுவிட்டு அடிக்கிற பலமான வெளிச்சம், அவ்வளவுதான். அதுவும் படுவது இமைக்குக் கீழே உள்ள தோலில். கண்ணுக்குள் அது போகவே கூடாது.

கண்ணுக்கு வைத்தியம் தோலில் எதற்கு? இமையின் ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மைபோமியன் சுரப்பிகள் என்று பெயர். நாம் இமைக்கும்போதெல்லாம் இவை கசியும் எண்ணெய், கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி அது ஆவியாகாமல் காக்கிறது. இமையில் அழற்சி வந்தால் எண்ணெய் பற்பசை போலக் கெட்டியாகி, சுரப்பியின் வாய் அடைத்துக்கொள்ளும். மேல்படலம் இல்லாத கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். உறுத்தல் தாங்காமல் கண் இன்னும் நீரைச் சுரக்கும். வறண்ட கண்ணில் நீர் வழிவது இதனால்தான்.

அந்த இடத்தில் விரிந்து கிடக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழற்சிக்குத் தீனி போடுகின்றன. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சிச் சூடாகும்போது அந்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. முகம் சிவக்கும் ரோசேசியா நோய்க்கு இந்த ஒளியைக் கொடுத்தபோது சிலருக்குக் கண் வறட்சியும் குறைந்ததை அமெரிக்கக் கண் மருத்துவர் ரோலாண்டோ டோயோஸ் கவனித்தார். கதை அங்கே தொடங்கியது. 2021இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கென்றே ஒரு கருவியை அனுமதித்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: உங்களுடையது எந்த வறட்சி?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள். கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று எண்ணுவார்கள். 10 நொடிக்குக் குறைந்தால் படலம் நிலையாக இல்லை என்று அர்த்தம். கீழ் இமையில் காகிதத் துண்டைச் செருகி 5 நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்றும் பார்ப்பார்கள். நீர் போதுமான அளவு இருந்து எண்ணெய்தான் குறை என்றால், இந்தச் சிகிச்சைக்கு ஏற்ற ஆள் நீங்கள். நீரே சுரக்காத வறட்சி என்றால் இதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்க முடியாது. இமையை அகச்சிவப்புக் கேமராவில் படம் எடுக்கும் வசதி இருந்தால் எடுத்துப் பாருங்கள். சுருங்கி மறைந்துபோன சுரப்பியை இந்த ஒளி திரும்ப முளைக்க வைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

படி 2: தோலின் நிறத்தைப் பேசுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் இதே ஒளியை உறிஞ்சும். நிறம் அடர்த்தியாக இருந்தால் சூடு இரத்தக் குழாய்க்குப் போகாமல் தோலிலேயே தங்கி, கொப்புளமும் கருந்திட்டும் வரலாம். ஃபிட்ஸ்பாட்ரிக் அளவையில் தோலை 1 முதல் 6 வரை பிரிக்கிறார்கள். 5, 6 வகையினருக்குப் பொதுவாக இதைச் செய்வதில்லை. "என் தோல் எந்த எண்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தோலைப் பார்க்காமலே தேதி குறிக்கிற இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

அப்புறம் மருந்துகள். டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெடினோயின் போன்றவை தோலை ஒளிக்குக் கூசச் செய்யும். இமை வீக்கத்துக்கே டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுப்பதுண்டு, அதனால் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். கர்ப்பம், முகத்தில் பச்சை குத்தியது, நிரந்தரக் கண் மை இவற்றையும் சொல்லிவிடுங்கள்.

படி 3: அன்றைய நாள்

முகப்பூச்சு, கான்டாக்ட் லென்ஸ் இரண்டும் வேண்டாம். முந்தைய வாரங்களில் வெயிலில் கறுத்திருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

முதலில் கண்ணை ஒளி புகாத கவசத்தால் மூடுவார்கள். அது சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் அப்போதே சொல்லுங்கள். கன்னத்தில் குளிர்ந்த ஜெல் தடவி, ஒரு காதோரத்திலிருந்து மூக்கு வழியாக மறு காதோரம் வரை அடிப்பார்கள். ரப்பர் பேண்டை இழுத்துத் தோலில் விட்டால் எப்படிச் சுள்ளென்று இருக்கும், அப்படி இருக்கும். சில நிமிட வேலைதான்.

அடுத்து, பல மருத்துவமனைகளில் இமையை அழுத்தி, இளகிய எண்ணெயைப் பிதுக்கி எடுப்பார்கள். ஒளியை விட இதுதான் வலிக்கும். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் செய்வார்கள்.

படி 4: பிறகு

கன்னம் சில மணி நேரம் சிவந்திருக்கலாம். வெளியே போனால் சன்ஸ்கிரீனும் தொப்பியும் வேண்டும். பெரும்பாலும் 2 முதல் 4 வார இடைவெளியில் 4 முறை செய்வார்கள். முதல் முறையிலேயே ஒன்றும் தெரியவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். சொட்டு மருந்து, இமைக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் இரண்டும் தொடரட்டும். பலன் நிரந்தரமும் இல்லை. சில மாதங்கள் கழித்து மறுபடி தேவைப்படலாம்.

வீட்டில் முடி நீக்க வைத்திருக்கும் ஐ.பி.எல். கருவியை மட்டும் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கவசமில்லாமல் கண்ணருகே இந்த ஒளி பட்டு, கண்ணுக்கு நிறம் தரும் படலம் (ஐரிஸ்) பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. சிகிச்சைக்குப் பின் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சமோ, கண்ணுக்குள் வலியோ, பார்வை மங்கலோ வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.