பழைய வால்வுகளை ஒப்பிட்டுக் கேட்க ஒரு ஸ்பீக்கர், ஒரு ஸ்விட்ச், ஒரு மல்டிமீட்டர்

வால்வு என்பது ஆம்ப்ளிஃபயரில் ஒலிச் சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய். அதன் பழைய பிராண்டுகளில் முல்லார்ட் என்றால் குரலில் ஒரு கதகதப்பு இருக்கும், டெலிஃபங்கன் என்றால் துல்லியம், ஆம்பெரெக்ஸ் என்றால் மேல் ஸ்தாயியில் பளபளப்பு. பழைய வால்வு சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம். இதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. எவ்வளவு என்பதை அவரவர் ஆம்ப்ளிஃபயரில்தான் பார்க்க வேண்டும். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டிவிட்டு "ஆகா" என்பதைச் சோதனை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆம்ப்பை அணைத்து, வால்வு ஆறும்வரை பொறுத்து, மாற்றி மாட்டி, மறுபடி நன்றாகச் சூடேறவிட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும். நுணுக்கமான ஒலி வித்தியாசம் காதின் நினைவில் நிற்பது சில நொடிகள்தான்.

அதனால் நான் செய்யும் முறையில் இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் சூடாக இருக்கும். ஸ்விட்ச்சை இந்தப் பக்கம் தட்டினால் இது, அந்தப் பக்கம் தட்டினால் அது.

முதலில், கையில் இருப்பது உண்மையில் யார் செய்தது என்று பாருங்கள். மேலே அச்சடித்த பெயரை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனி செய்ததை இன்னொரு கம்பெனி தன் பெயரில் விற்பது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். டெலிஃபங்கன் என்றால் அடியில் பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே சின்ன வைர வடிவம் பதிந்திருக்கும். முல்லார்ட், ஃபிலிப்ஸ் குடும்பத்து வால்வுகளில் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மங்கலாக இரண்டு வரிக் குறியீடு தெரியும்; வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும். இரண்டாவது வரி 'பி' என்று தொடங்கினால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலை, முக்கோணம் இருந்தால் நெதர்லாந்தின் ஹீர்லென். அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண். 2 என்றால் 1962ஆக இருக்கலாம், 1972ஆகவும் இருக்கலாம். உள்ளே பிளேட்டின் (நடுவில் தெரியும் உலோகத் தகட்டின்) நீளம், அது வரி போட்டதா வழவழப்பா, கெட்டர் (மிஞ்சிய காற்றை உறிஞ்சும் பூச்சு) வளையத்தின் வடிவம் ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு கட்ட வேண்டும்.

ஒரே ரகத்தைத்தான் ஒப்பிட வேண்டும். 12ஏஎக்ஸ்7 (அமெரிக்கப் பெயர்), இசிசி83 (ஐரோப்பியப் பெயர்) இரண்டும் ஒரே ரகம்தான். பெருக்கக் காரணி 100. 12ஏயு7 அதே சாக்கெட்டில் உட்காரும், ஆனால் அதன் காரணி 20க்குள்தான். இவை இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு "இது அமைதியாக இருக்கிறது" என்று சொன்னால் என்ன அர்த்தம்? இசிசி88ஐ இந்தச் சாக்கெட்டில் வைக்கவே வேண்டாம். பின்கள் ஒன்பதுதான் என்றாலும் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) இணைப்பு வேறு.

உடல்நலமும் முக்கியம். உச்சியில் இருக்கும் கெட்டர் பூச்சு வெள்ளிபோல இருந்தால் சரி. பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். தேய்ந்துபோன முல்லார்டையும் புத்தம்புது ரஷ்ய வால்வையும் ஒப்பிட்டால் தெரிவது தேய்மானம்தான். டெஸ்டர் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் கடத்துத்திறனை (உள்ளே வரும் சிக்னலுக்கு மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதை) அளந்துகொள்ளுங்கள். எமிஷன் (சூடான கேத்தோடு எவ்வளவு எலெக்ட்ரான் விடுகிறது என்பது) மட்டும் காட்டும் சாதாரண டெஸ்டர் பாதிக் கதைதான் சொல்லும்.

இனி இணைப்பு. இடது சேனலுக்கு ஒரு வால்வு, வலதுக்கு ஒரு வால்வு என்று தனித்தனியாக இருக்கும் ப்ரீஆம்ப் (பவர் ஆம்ப்புக்கு முந்தைய நிலை) வேண்டும். ஒரே வால்வுக்குள் இருக்கும் இரண்டு பெருக்கிப் பாதிகளை இரண்டு சேனலுக்கும் பிரித்துக் கொடுக்கும் ப்ரீஆம்ப் இதற்கு ஆகாது. இடதில் வால்வு 'அ', வலதில் வால்வு 'ஆ'. ஒரே மோனோ சிக்னலை இரண்டு உள்ளீட்டுக்கும் கொடுங்கள். வெளியீடுகள் இரண்டையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் கொண்டுபோய், ஒவ்வொரு தடத்திலும் 100 கிலோ ஓம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி) ஒன்று, பிறகு இருவழி டாகிள் ஸ்விட்ச், அங்கிருந்து பவர் ஆம்ப்பின் ஒரே ஒரு சேனல், ஒரே ஒரு ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கர் உங்களுக்கு நேர் எதிரே. ஒயர்கள் குட்டையாக, இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கர் வைத்தால் அறையின் மூலைகளைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வால்வைப் பிடுங்கும்போது ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள், நேராக மேலே. ஒன்பது பின் வால்வுகளில் பின் வளைந்தால் கண்ணாடி விரிசல் விடும். மூடியைத் திறக்க வேண்டிய கருவி என்றால், அணைத்த பிறகும் கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள். மீட்டரில் வடிந்ததைப் பார்க்காமல் விரலை உள்ளே விட வேண்டாம்.

சத்த அளவைச் சமப்படுத்துவதுதான் பெரிய வேலை, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பதைக் காது "சத்தம் அதிகம்" என்று சொல்லாது. "தெளிவு அதிகம்", "உயிரோட்டம்" என்று சொல்லும். வால்வுகளைச் சூடேறவிட்ட பிறகு 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலியைக் கொடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசியில் வையுங்கள். ஏன் 400? அதற்கு மேல் போனால் பல மல்டிமீட்டர்கள் ஏசியைச் சரியாக அளக்காது. என்னிடமிருக்கும் நீளப் பிளேட் முல்லார்டில் 1.00 வோல்ட் காட்டும் இடத்தில், வழவழப் பிளேட் டெலிஃபங்கனில் 1.06 காட்டுகிறது. அரை டெசிபல். கேட்கும்போது சத்தக் கூடுதலாகவே தோன்றாது, ஆனால் ஒவ்வொரு முறையும் டெலிஃபங்கன்தான் ஜெயிக்கும். சத்தம் கூடுதலாக இருக்கும் தடத்தின் திருகியைக் கொஞ்சம் இறக்கி, வித்தியாசத்தை ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள்; அது 0.1 டெசிபலுக்கும் கீழே. சமப்படுத்தியதும் "உயிரோட்டம்" பாதிக்கு மேல் காணாமல் போகும். எரிச்சலாகத்தான் இருக்கும்.

என்ன கேட்பது? நான் முதலில் போடுவது பாட்டே இல்லை, பிங்க் நாய்ஸ்; எல்லா ஸ்தாயிகளும் சம அளவில் கலந்த இரைச்சல். ஸ்விட்ச்சைத் தட்டும்போது அந்த இரைச்சலின் நிறம் மாறினால் அலைவரிசையில் எங்கோ ஏற்ற இறக்கம் இருக்கிறது. அப்புறம் பின்னணி இல்லாத பேச்சுக் குரல், தனி வயலின், தட்டி விட்டதும் மெல்ல அடங்கும் ஒரு தாள வாத்தியம். ஒவ்வொன்றிலும் பத்து நொடித் துண்டு போதும். முழுப் பாட்டையும் கேட்டால் ரசிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

வித்தியாசம் கேட்டதா? உடனே வால்வு மேல் பழி போடாதீர்கள். இரண்டையும் சேனல் மாற்றி மாட்டி, அளவை மறுபடி சமப்படுத்திக் கேளுங்கள். அந்தக் குணம் வால்வோடு கூடவே வந்தால் வால்வுடையது. வராமல் பழைய பக்கத்திலேயே நின்றால், அது ப்ரீஆம்ப்பின் ஏதோ ஒரு ரெசிஸ்டரோ கப்பாசிட்டரோதான்.

அடுத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும். நண்பர் ஒருவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, காசு சுண்டி ஸ்விட்ச்சை மாற்றட்டும். நீங்கள் காகிதத்தில் 'அ' அல்லது 'ஆ' என்று மட்டும் எழுதுங்கள். பத்துக்கு ஐந்தாறு சரி என்றால் அது வெறும் ஊகம். எட்டோ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் சரியாக வர ஏறக்குறைய 5.5 சதவீத வாய்ப்பு இருக்கிறது; ஒன்பது என்று வரம்பு வைத்தால் அது ஒரு சதவீதம்தான். நான் ஒன்பதைத்தான் கேட்பேன்.

சில வித்தியாசங்களுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையே இல்லை. பாட்டை நிறுத்தி, வழக்கமாகக் கேட்கும் அளவில் சத்தத்தை வைத்து, காதை ஸ்பீக்கர் அருகே கொண்டுபோங்கள். ஒரு வால்வில் சீரான உஸ், இன்னொன்றில் விட்டுவிட்டுப் பொரிகிற சத்தம். பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டுங்கள்; நீளப் பிளேட் வால்வுகள் சில 'ணங்' என்று ஸ்பீக்கரில் பதில் சொல்லும். ரெக்கார்ட் பிளேயருக்கான ஃபோனோ ஆம்ப்பில் பெருக்கம் மிக அதிகம், அங்கே இதுதான் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பிப் பிழையைக் குறைப்பது) நிறைய உள்ள சர்க்யூட்டில் பிராண்டு வித்தியாசம் பெரும்பாலும் அமுங்கிவிடும், ஃபீட்பேக் இல்லாததில் தெரிய வாய்ப்பு அதிகம். விலை உயர்ந்த பழைய வால்வு வாங்குவதற்கு முன் உங்கள் சர்க்யூட் எந்த வகை என்று பாருங்கள்.

ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகளுக்கு முறை கொஞ்சம் மாறும். ஸ்பீக்கர் பக்கம் ஸ்விட்ச் வைத்து ஒரு சேனலைச் சுமையில்லாமல் விட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். அதனால் ஒரே மாதிரியான இரண்டு ஸ்பீக்கர்களை ஒட்டி வைத்து இரண்டையும் இணைத்தே வைத்துக்கொண்டு, ஸ்விட்ச்சை ஆம்ப்பின் உள்ளீட்டில் போடுங்கள். பிறகு ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றியும் ஒருமுறை கேளுங்கள். ஃபிக்ஸட் பயாஸ் (வால்வின் ஓய்வு மின்னோட்டத்தைக் கையால் அமைக்கும் வகை) என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் பயாஸைத் தனியே சரிசெய்யாமல் ஒப்பிடுவது வீண். இஎல்34 என்ற பவர் வால்வுக்குப் பிளேட் தாங்கும் வரம்பு 25 வாட். அதில் 70 சதவீதத்தில் ஓட்டினால் 17.5 வாட், பிளேட்டில் 400 வோல்ட் இருந்தால் சுமார் 44 மில்லி ஆம்பியர். கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மீட்டரில் அது 44 மில்லி வோல்ட்டாகத் தெரியும். ஸ்கிரீன் (வால்வுக்குள் இருக்கும் இன்னொரு மின்முனை) மின்னோட்டமும் அதில் சேர்ந்திருப்பதால் பிளேட்டின் உண்மையான பங்கு கொஞ்சம் குறைவாகவே இருக்கும். இரண்டு ஜோடிக்கும் இந்த எண் ஒன்றாக வந்த பிறகு ஸ்விட்ச்சில் கை வையுங்கள்.