ஸ்கேல் ஒன்று போதும்: நரம்பும் தசையும் எடுக்கும் நேரத்தை வீட்டிலேயே அளக்கலாம்

கையிலிருந்து நழுவிய கரண்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், ஆனாலும் பிடிக்க முடிவதில்லை. இதற்கு நரம்பு மெதுவாக வேலை செய்வதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையா என்று பார்க்க ஒரு 30 செ.மீ. ஸ்கேலும் கூட ஒரு ஆளும் போதும்.

படி 1: விழுவதைப் பிடியுங்கள்

முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். நண்பர் ஸ்கேலை மேல்முனையில் பிடித்து, பூஜ்யம் உங்கள் கட்டைவிரலின் மேல்விளிம்புக்கு நேராக வரும்படி தொங்கவிட வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் அவர் விட, நீங்கள் பிடிக்க வேண்டும். இப்போது கட்டைவிரலின் மேல்விளிம்பில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று முறை கை பழகுவதற்கு. அப்புறம் பத்து முறை செய்து சராசரி எடுங்கள். 10 செ.மீ.க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் நீங்கள் முன்பே யூகித்துப் பிடித்திருப்பீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

படி 2: தூரத்தை நேரமாக்குங்கள்

சென்டிமீட்டரை 490ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வினாடி கிடைக்கும். 15 செ.மீ. என்றால் 0.175 வினாடி, 20 செ.மீ. என்றால் 0.20.

படி 3: அந்த 0.2 வினாடி எங்கே போனது?

ஓய்வில் இருக்கும் நரம்பு செல்லின் உட்புறம், வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். செல் சவ்விலுள்ள பம்பு 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்து இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கிறது. தூண்டல் வந்து மைனஸ் 70 என்பது மைனஸ் 55 வாக்கில் ஏறினால் போதும், சோடியம் வாயில்கள் திறந்துகொள்ளும். சோடியம் உள்ளே பாய்ந்து, அழுத்தம் பிளஸ் 30 வரை போகும். பிறகு பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்பும். எல்லாம் ஓரிரு மில்லிவினாடிக்குள்!

இதுதான் நரம்பு நெடுகத் தொடர்ந்து நடக்கிறது. கைக்கு வரும் இயக்க நரம்பில் வேகம் வினாடிக்கு 50 முதல் 60 மீட்டர். மூளையிலிருந்து கைவரை சுமார் 20 மில்லிவினாடிதான் ஆகும். (நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று நம்பிய காலத்தில், ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் நரம்பில் அதை அளந்துகாட்டினார்.)

நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து தசையைத் தூண்ட ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. தசை செல்லுக்குள் கால்சியம் விடுபட்டதும், மயோசின் இழையின் தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கும். மறு கையால் முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள், அந்த இழுப்பு அங்கே தெரியும். விரலை மடக்கும் பெரிய தசைகள் இருப்பது அங்கேதான். பற்றிய பிடியை விடுவதற்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி வேண்டும். இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது ஏடிபி தீர்ந்து, மயோசினால் பிடியை விட முடியாமல் போவதால்தான். தசை இழுத்து விரல் நகர்வதற்குள் இன்னும் சில பத்து மில்லிவினாடிகள் ஓடிவிடும்.

கூட்டிப் பார்த்தால் 0.2 வினாடியில் பாதிகூட வரவில்லை. மீதி கண்ணிலும் மூளையிலும் போகிறது.

படி 4: கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள்

நண்பர் ஸ்கேலை விடும் அதே நொடியில் “விடு” என்று சொல்லட்டும். குரல் துளி முந்தினாலும் கணக்கு தப்பும், அதனால் பல முறை செய்யுங்கள். பொதுவாகத் தூரம் குறையும். கையும் தசையும் அவையேதான், மாறியது புலன் மட்டும். விழித்திரை செல்லில் ஒளி பட்டபின் வேதிவினைகள் சங்கிலியாக நடந்த பிறகே மின்மாற்றம் வரும். காதிலுள்ள மயிர்செல்லிலோ அதிர்வே அயனி வாயிலை நேரடியாக இழுத்துத் திறந்துவிடுகிறது.

படி 5: பந்தயம்

500 ரூபாய் நோட்டை நெடுக்காகத் தொங்கவிட்டு, நண்பரின் விரல்கள் அதன் நடுப்பகுதியைத் தொடாமல் இருபுறமும் இருக்கும்படி வையுங்கள். பிடித்தால் நோட்டு அவருக்கே என்று சொல்லுங்கள். நோட்டின் நீளம் 15 செ.மீ., விரலைக் கடக்க வேண்டியது 7.5 செ.மீ., அதற்கு ஆவது 0.12 வினாடி. ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், நோட்டு போய்விடும்.